நிலைகுலைந்த எதிரெடை: செங்கோட்டைப் பக்கத்து அரங்கம் ஒன்றில் நடந்த மேடை விபத்தின் ஆய்வு

நாடகம் முடிந்து, பார்வையாளர்கள் வெளியேறி, மேடையைக் கழற்றும் வேலை பாதி நடந்துகொண்டிருந்த நேரத்தில் காட்சிகளைத் தொங்கவிடும் இரும்புக் குழாய்களில் ஒன்றான ஆறாம் எண் பைப் எவரும் இழுக்காமலே மேலேறியது. அதில் தொங்கிய அரண்மனை முகப்பை நான்கு பேர் அப்போதுதான் கழற்றிக் கீழே இறக்கியிருந்தார்கள். பைப்பை இயக்கும் கைக்கயிற்றைப் பிடித்து நிறுத்த முயன்ற உதவியாளருக்கு இரண்டு உள்ளங்கைகளிலும் தோல் உரிந்தது. மேடையின் உச்சியில் உள்ள இரும்புக் கிராதியில் பைப் மோதியது. எதிர்ப்புறம், பைப்பின் பளுவைச் சமன்செய்யும் எடைச் சட்டம் தரையில் இறங்கி அறைந்தது. அதிலிருந்த எடைக் கட்டிகளில் ஐந்து துள்ளி வெளியே விழுந்தன. அவற்றுள் ஒன்று மேடையின் பக்கவாட்டு மறைவிடமான விங்கின் பலகைத் தளத்தைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. இன்னொன்றின் முனை பட்டு ஒருவருக்குக் கால் கிழிந்தது. உயிரிழப்பு இல்லை. அரங்கத்தின் பொறுப்பாளர்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் மேடையின் தூக்கு அமைப்பு முழுவதையும் பரிசோதித்தேன். அங்கே கண்டதும் அதிலிருந்து விளங்கியதும் இந்த எழுத்தில் உள்ளன. அரங்கத்தின் பெயரையும் குழுவின் பெயரையும் தரவில்லை. இதே நிலையில் வேறு அரங்கங்களும் இருக்கின்றன என்பதால், ஊர் தெரிவதைவிடக் காரணம் தெரிவதே பயன் தரும்.

அரங்கம் இருப்பது செங்கோட்டைக்கு அருகே, ஆரியங்காவுக் கணவாய்க்குக் கிழக்கே. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பிரிக்கப்படும்வரை மலையாளச் சீமையோடு இருந்த பகுதி இது. எஸ். ஜி. கிட்டப்பா பிறந்த ஊரும் செங்கோட்டைதான். தமிழ் நாடகமும் மலையாள நாடகமும் இங்கே ஒரே பார்வையாளர்களுக்கு நடப்பதுண்டு. கோயில் கொடை, ஆண்டு விழா, பள்ளி விழா என்று மேடை ஓய்வதில்லை. கணவாய்க்கு மேற்கிலிருந்து வரும் குழுக்கள் தங்கள் காட்சி அமைப்புகளை லாரியில் ஏற்றி வந்து, அன்றிரவே கழற்றி, அடுத்த ஊருக்குப் போய்விடுகின்றன. இந்த அவசரம் விபத்துக்கு ஒரு காரணம், முதற்காரணம் அன்று.

அமைப்பு எப்படி இயங்க வேண்டும்

மேடைக்கு மேலே, பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாத உயரத்தில், குறுக்காக இரும்பு பைப்கள் தொங்குகின்றன. இந்த அரங்கில் ஒவ்வொரு பைப்பும் 12 மீட்டர் நீளம் கொண்டது. அதை ஐந்து வயர் ரோப்கள் தாங்குகின்றன. அவை மேலே ஆளுக்கொரு கப்பியில் திரும்பிக் கிடைமட்டமாக ஓடி, சுவர் ஓரத்தில் உள்ள தலைக் கப்பியில் ஐந்தும் ஒன்றாகச் சேர்ந்து, கீழ்நோக்கி இறங்கி எடைச் சட்டத்தின் தலையில் முடிகின்றன. அந்தச் சட்டத்தில் எதிரெடையாக இரும்புக் கட்டிகளை அடுக்கினால் பைப்பின் பளுவும் சட்டத்தின் பளுவும் தராசின் இரு தட்டுகள்போல ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன. பைப் இறங்கினால் சட்டம் ஏறும். பைப் ஏறினால் சட்டம் இறங்கும். சட்டத்தின் மேலும் கீழும் கட்டப்பட்ட கைக்கயிறு, தலைக் கப்பியையும் தரையோர அடிக் கப்பியையும் சுற்றி முடிவில்லா வளையமாக ஓடுகிறது. அதை இழுப்பவர் பளுவைத் தூக்குவதில்லை. ஏற்கெனவே சமமாகிவிட்ட இரண்டு பளுக்களை இடம் மாற்றுகிறார், அவ்வளவுதான். இதனால்தான் இருநூறு கிலோ காட்சியை ஒருவர் தனியாக நின்று மெதுவாகவும் சத்தமின்றியும் ஏற்றி இறக்க முடிகிறது.

இந்த முறையின் பலமும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருக்கின்றன. சமநிலை இருக்கும்வரை எல்லாம் கைக்கு அடங்கும். சமநிலை போய்விட்டால், கயிறு அறாமலும் கப்பி உடையாமலும் எந்தப் பாகமும் பழுதாகாமலும் அமைப்பு முழுவதும் ஓடத் தொடங்கிவிடும். மேடை விபத்து என்றால் எதுவோ அறுந்து விழுவது என்றுதான் பலர் எண்ணுகிறார்கள். ஆறாம் எண் பைப்பில் எதுவும் அறவில்லை. ஐந்து வயர் ரோப்களும் விபத்துக்குப் பிறகும் முழுமையாகவே தொங்கின.

எனவே எடை ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் ஒரு வரிசை உண்டு. ஏற்றும்போது பைப் தரை மட்டத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். முதலில் காட்சியைப் பைப்பில் கட்ட வேண்டும், அதன் பின்பே மேலே சட்டத்தின் உயரத்தில் உள்ள பரணில் நிற்பவர் சட்டத்தில் கட்டிகளை அடுக்க வேண்டும். இறக்கும்போது இது தலைகீழாகும்: முதலில் கட்டிகளை எடுக்க வேண்டும், பிறகுதான் காட்சியைக் கழற்ற வேண்டும். இரண்டு நிலையிலும் இடைப்பட்ட நேரத்தில் பைப் பக்கமே கனமாக இருக்கிறது. அந்தப் பக்கம் ஏற்கெனவே கீழே இறங்கிக் கிடப்பதால் அது ஓடுவதற்கு இடமில்லை. இந்த ஒரு காரணத்துக்காகத்தான் அந்த வரிசை. அதை மாற்றினால் கனமான பக்கம் உயரத்தில் நிற்கும், விழுவதற்கு முழு உயரமும் அதற்குக் கிடைத்துவிடும்.

அன்றிரவின் கணக்கு

விபத்து நடந்த நேரத்தில் பைப்பிலும் சட்டத்திலும் இருந்த எடைகளை முடிந்தவரை மீண்டும் எடைபோட்டுப் பார்த்தோம். 48 மி.மீ. வெளிவிட்டமும் 3.2 மி.மீ. தடிப்பும் கொண்ட குழாய் மீட்டருக்குச் சுமார் 3.6 கிலோ இருக்கும். 12 மீட்டருக்கு 43 கிலோ. அதில் கழற்றாமல் விட்டிருந்த மெல்லிய பின்துணியும் அதன் அடிச்சங்கிலியும் 17 கிலோ. ஆக, பைப் பக்கம் மிஞ்சியிருந்தது 60 கிலோ. கழற்றிய அரண்மனை முகப்பு, மரச்சட்டமும் பிளைவுட்டும் சேர்ந்து 120 கிலோ. சட்டத்தின் பக்கத்தில் 16 கட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றும் 400 மி.மீ. நீளம், 125 மி.மீ. அகலம், 25 மி.மீ. தடிப்புள்ள இரும்புத் தகடு, அதாவது 9.8 கிலோ. சட்டத்தின் சொந்த எடையோடு சேர்த்தால் ஏறத்தாழ 180 கிலோ.

முகப்பு தொங்கியவரை இரு பக்கமும் 180, 180. எனவே நாடகம் முழுவதும் அந்தப் பைப் எந்தத் தொல்லையும் தரவில்லை. காட்சி மாற்றத்தில் ஒருவரே அதை இழுத்தார். நான்கு பேர் முகப்பைக் கொக்கிகளிலிருந்து தூக்கிய அந்த நொடியில் ஒரு பக்கம் 60, மறுபக்கம் 180 ஆனது. மென்துணியாக இருந்திருந்தால் முடிச்சு முடிச்சாக அவிழ்க்கும்போதே கைக்கயிறு இறுகுவதைக் கண்டு யாராவது சுதாரித்திருக்கலாம். முகப்போ மொத்தமாக ஒரே நேரத்தில் விலகியது.

உராய்வைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், 120 கிலோ வேறுபாடு மொத்தம் 240 கிலோவை இழுக்கிறது. முடுக்கம் புவியீர்ப்பில் பாதி, அதாவது விநாடிக்கு விநாடி 4.9 மீட்டர். பைப் மார்பளவு உயரத்திலிருந்து மேல் எல்லைவரை ஓடியது 7 மீட்டர். அந்தத் தூரத்தை அது 1.7 விநாடியில் கடந்திருக்கும். கடைசியில் அதன் வேகம் விநாடிக்கு 8.3 மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கப்பிகளின் உராய்வும், ஓடத் தொடங்கிய நேரத்தில் பூட்டு கொடுத்த இழுபறியும் இதைக் கொஞ்சம் குறைத்திருக்கும். குறைத்தாலும் 8,000 ஜூலுக்கு நெருக்கமான ஆற்றலை இரண்டு உள்ளங்கைகளால் விழுங்க முடியாது. ஓடத் தொடங்கிய பைப்பை எவரும் பிடிக்கக் கூடாது என்னும் விதி கோழைத்தனத்தால் வந்ததன்று. உரக்கக் கத்தி எல்லாரையும் விலகச் சொல்லிவிட்டுத் தானும் விலகுவதுதான் அந்த 1.7 விநாடியில் ஒரு மனிதரால் செய்யக்கூடியது. கை வெந்த இளைஞர் பொறுப்பானவர். பிறர் மீது விழுந்துவிடக் கூடாதே என்றுதான் பிடித்தார். விடச் சொல்லி அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

பூட்டு ஏன் தாங்கவில்லை

கைக்கயிறு மேடையோரத்தில் ஒரு சிறிய பூட்டின் வழியே போகிறது. பிடியை மேலே தூக்கினால் இரண்டு இரும்புத் தாடைகள் கயிற்றை நெரிக்கும். அந்தப் பூட்டு நின்றுகொண்டிருக்கும் பைப் அசையாமல் இருப்பதற்கு உரியது. ஓடும் பைப்பை நிறுத்தும் பிரேக் அன்று. தயாரிப்பாளர்கள் பொதுவாக 50 பவுண்டு, அதாவது சுமார் 23 கிலோ வேறுபாட்டுக்கு மேல் அதை நம்பக் கூடாது என்றே சொல்கிறார்கள். நல்ல நிலையில் உள்ள பூட்டே 120 கிலோவுக்கு உரியதன்று. இங்கே இருந்த பூட்டோ நல்ல நிலையிலும் இல்லை.

தாடைகளைத் திறந்து பார்த்தபோது பல்லிடுக்கில் நீல நிறத்தில் மெழுகுபோல ஒன்று படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் தகடாகப் பெயர்ந்தது. கயிற்றிலும் அதே இடத்தில் ஒரு முழ நீளத்துக்கு இழைகள் உருகி ஒட்டி, கண்ணாடிபோல மினுங்கின. அது பாலிபுரொப்பிலீன் கயிறு. மாட்டுக்கும் லாரித் தார்ப்பாய்க்கும் எல்லா இரும்புக்கடைகளிலும் விற்கும் 16 மி.மீ. நீலக் கயிறு. பூட்டு முக்கால் அங்குல, அதாவது 19 மி.மீ. மணிலாக் கயிற்றுக்காகத் திருகி வைக்கப்பட்டது. சாரல் காலத்தில் மணிலா ஈரம் உறிஞ்சி நீளம் மாறுவதும், பூஞ்சை பிடிப்பதும் தொல்லையாக இருந்ததால், ஈரம் பிடிக்காத கயிறு என்று யாரோ நல்லெண்ணத்தில் மாற்றியிருக்கிறார்கள். ஈரம் பிடிக்காது என்பது உண்மை. ஆனால் அது வழுவழுப்பானது. 165 டிகிரி செல்சியஸ் அளவில் உருகும். மூன்று மில்லிமீட்டர் மெலிந்த கயிறு தாடையில் முழுமையாக அகப்படவும் இல்லை. நழுவத் தொடங்கிய கயிறு உராய்ந்து சூடாகி உருகியது. உருகியது மேலும் வழுக்கியது.

பூட்டின் அருகே சுவரில் சாய்த்து வைத்திருந்த முக்கால் முழ இரும்புக் கம்பி ஒன்றும் என் கவனத்துக்கு வந்தது. அதன் நடுவில் துரு இல்லாமல் தேய்ந்து பளபளத்தது. கைக்கயிற்றின் இரண்டு தடங்களுக்கிடையே அதைச் செருகி முறுக்கி, பூட்டைத் தாங்கும் இரும்புத் தண்டில் அணைத்து வைத்தால் கயிறு நழுவாது. பழைய மேடைக்காரர்கள் பலருக்கும் தெரிந்த உத்தி. அரங்கத்தின் மேடை இயக்குநர் நெடுங்காலமாக அங்கே பணிபுரிபவர், அவரிடம் கேட்டேன்.

“அண்ணாச்சி, இந்தக் கம்பி எதுக்கு இங்க இருக்கு?”

“பூட்டு சில நேரம் நழுவும் தம்பி. அப்பப்ப முறுக்கி வைப்போம். அன்னைக்கு வெளியூர் ஆளுக பைப்பைப் பாத்துக்கிட்டாங்க. அவங்களுக்கு இது தெரியாதுல்லா.”

பூட்டு நழுவுகிறது என்பது தெரிந்திருந்தது. அது நழுவுவதற்குக் காரணம் கயிறா, திருகா, எடையா என்று எவரும் தேடவில்லை. கம்பியால் முறுக்கிவிட்டால் அன்றைய வேலை நடந்துவிடும். நழுவும் பூட்டு, இரு பக்க எடையும் சமமாக இல்லை என்று முன்கூட்டியே சொல்லும் ஓர் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையைக் கம்பி மூடிவிட்டது. என் கருத்தில் இந்த விபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பரணில் ஆள் இல்லாத நிலை

இந்த அரங்கில் எடைப் பரண் இருக்கிறது. பக்கச் சுவரை ஒட்டி, பைப் தரையில் இருக்கும்போது எடைச் சட்டம் நிற்கும் உயரத்தில், ஒரு மீட்டருக்கும் குறைவான அகலத்தில் இரும்பு நடைபாதை. அதற்கு ஏறச் செங்குத்து ஏணி. ஏணிக்கு முதுகுக்கூண்டு இல்லை. மேலே விளக்கும் இல்லை. கழற்றும் வேலை தொடங்கியபோது பரணில் நிற்க வேண்டியவர் லாரியில் சாமான் ஏற்ற அழைக்கப்பட்டுக் கீழே இறங்கிப் போயிருந்தார். மேடையில் இருந்தவர்கள் கட்டிகளை அவர் எடுத்துவிட்டார் என்றே நினைத்தார்கள். கீழிருந்து பார்த்தால் இருட்டில் சட்டம் தெரியாது. ‘எடை எடுத்தாயிற்று’ என்று மேலிருந்து ஒரு குரல் வராதவரை கொக்கியில் கைவைக்கக் கூடாது என்னும் ஒழுங்கு அங்கே இல்லை. குழுவில் பாதிப் பேர் மலையாளம் பேசுபவர்கள், உள்ளூர் உதவியாளர்கள் தமிழர்கள். இருவருக்கும் மற்றவர் மொழி புரியும். எனவே மொழி தடையாக இருக்கவில்லை. சொல்லவேண்டிய ஆள் அந்த இடத்தில் இல்லாததே குறை.

கட்டிகள் துள்ளி விழுந்ததற்குத் தனிக்காரணம் உண்டு. சட்டத்தின் இரு செங்குத்துக் கம்பிகளுக்கு இடையே கட்டிகள் அடுக்கப்படுகின்றன. ஏறத்தாழ 60 சென்டிமீட்டருக்கு ஒன்றாக மெல்லிய இடைத்தகடுகளை அந்தக் கம்பிகளில் கோத்துவிட வேண்டும். சட்டம் தரையில் அறையும்போது கம்பிகள் வெளிப்புறமாக வளைந்து கட்டிகளை உமிழ்ந்துவிடாமல் அவை பிடித்துக்கொள்ளும். அடுக்கின் உச்சியில் திருகி இறுக்கும் வளையம் இருந்தால் கட்டிகள் மேல்நோக்கித் துள்ளவும் முடியாது. ஆறாம் எண் சட்டத்தில் இடைத்தகடுகள் அடியிலேயே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கட்டி அடுக்கும்போது இடையிடையே விடும் சிரமத்தை யாரோ தவிர்த்திருந்தார்கள். உச்சி வளையம் எந்தச் சட்டத்திலும் இல்லை. பைப் ஓடியது ஒரு விபத்து. கட்டி விழுந்தது அதனினும் கொடியதாகியிருக்கக்கூடிய இரண்டாம் விபத்து, அது தடுக்கக்கூடியதாகவே இருந்தது.

மற்ற பைப்களில் கண்டவை

ஒரு பைப்புக்காகத் தொடங்கிய பரிசோதனை எல்லாப் பைப்களுக்கும் நீண்டது. விபத்தோடு நேரடித் தொடர்பில்லாத, ஆனால் அடுத்த விபத்துக்குப் போதுமான குறைகள் அங்கே இருந்தன.

முதலாவது, வயர் ரோப்பின் முனைகள். ரோப்பைப் பைப்பின் வளையத்தில் மடக்கி யூ வடிவக் கிரிப்புகளால் இறுக்கியிருந்தார்கள். கிரிப்பில் இரண்டு பாகங்கள் உண்டு: தட்டையான அடித்தளமும் வளைந்த போல்ட்டும். பளு தாங்கும் நெடும் ரோப்பின் மீது அடித்தளமும், மடிந்து வந்த வெற்று வாலின் மீது போல்ட்டும் இருக்க வேண்டும். போல்ட்டின் வளைவு ரோப்பை ஒரு புள்ளியில் நசுக்கும். நசுங்குவது வேலை செய்யாத வாலாக இருந்தால் பாதகமில்லை. இங்கே பல முனைகளில் கிரிப்புகள் ஒன்று இந்தப் பக்கமும் அடுத்தது அந்தப் பக்கமுமாக மாறிமாறி இருந்தன. பார்க்க ஒழுங்காகத் தெரியும் என்று அப்படிப் போட்டிருக்கலாம். ஒழுங்காகப் போட்ட கிரிப்பு முனையே ரோப்பின் முழு வலிமையில் சுமார் 80 விழுக்காட்டைத்தான் தரும். தவறாகப் போட்டால் அதுவும் கிடைக்காது. திம்பிள் என்னும் உள்வளையம் இல்லாமல் மடித்த இடங்களில் ரோப் கூர்மையாக முறிந்து, இழைகள் பிளந்திருந்தன. பளு ஏறிய பிறகு ரோப் கொஞ்சம் மெலியும் என்பதால் கிரிப்புகளை மறுபடி இறுக்க வேண்டும். அப்படி எவரும் மறுபடி இறுக்கியதற்கான அடையாளம் தெரியவில்லை.

இரண்டாவது, துரு. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று கணவாய் வழியே நேராக இந்த ஊருக்குள் வருகிறது. குற்றாலத்துக்கு வருபவர்கள் விரும்பும் அந்தச் சாரல் மேடையின் இரும்புக்கு நஞ்சு. அரங்கின் மேல் சன்னல்கள் மூடாமல் கிடந்ததால் தலைக் கப்பிகளுக்கு மேலே ஈரம் தங்கியிருந்தது. ரோப்பின் வெளிப்பக்கம் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே துரு இருக்கலாம். வழக்கமாகப் பைப் நிற்கும் நிலையில் கப்பியின் மேல் எந்தப் பகுதி வளைந்திருக்கிறதோ அந்தப் பகுதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஈரமும் அழுத்தமும் அங்கேதான் சேர்கின்றன. வெறும் கையால் தடவக் கூடாது. பருத்தித் துணியைச் சுற்றி மெதுவாக இழுத்தால் அறுந்த இழை துணியில் மாட்டிக் காட்டிக்கொடுக்கும். அமெரிக்கப் பளுதூக்கி விதிகளில் ஓடும் ரோப்புக்கு உள்ள அளவு, ஒரு முறுக்கு நீளத்துக்குள், அதாவது ஒரு புரி ரோப்பை ஒரு முழுச் சுற்று சுற்றிவரும் தூரத்துக்குள், பரவலாக ஆறு இழையோ, ஒரே புரியில் மூன்று இழையோ அறுந்திருந்தால் மாற்ற வேண்டும் என்பது. மனிதர்கள் தலைக்கு மேல் தொங்கும் ரோப்புக்கு நான் அவ்வளவு தூரம் காத்திருக்க மாட்டேன். நான்காம் பைப்பின் இரண்டாம் ரோப்பில் துணி மூன்று இடத்தில் மாட்டியது; அன்றே அந்தப் பைப்பைப் பயன்பாட்டிலிருந்து நிறுத்தச் சொன்னேன்.

அது இரண்டாம் ரோப்பாக இருந்தது தற்செயலாக இல்லாமலும் இருக்கலாம். ஐந்து ரோப் தாங்கும் பைப்பில் பளு ஐந்தாகச் சமமாய்ப் பிரிவதாகப் பலரும் கொள்கிறார்கள். சம இடைவெளியில் ஐந்து தாங்கிகள் மீது கிடக்கும் நீள் உத்திரத்தில் பளு சீராகப் பரவினால், ஓர் இடைவெளிக்குரிய பளுவை ஒன்று எனக் கொண்டு, கடைக்கோடித் தாங்கிகளுக்கு 0.39 பங்கும், இரண்டாம் நான்காம் தாங்கிகளுக்கு 1.14 பங்கும், நடுவுக்கு 0.93 பங்கும் வரும். ஓரத்து ரோப்பைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கை இரண்டாம் ரோப் சுமக்கிறது. இதில் ஒரு ரோப் கொஞ்சம் நீண்டு தளர்ந்துவிட்டால் கணக்கு மேலும் கோணும். நீளத்தைத் திருகிச் சரிசெய்யும் டர்ன்பக்கிளால் ஐந்தையும் சம நீளமாக வைப்பது திரை நேராகத் தெரிவதற்கு மட்டுமன்று, பளு சரியாகப் பிரிவதற்கும்தான்.

கால் அங்குலத் தடிப்புள்ள, 7×19 பின்னல் (ஏழு புரி, புரிக்கு 19 இழை) கொண்ட, துத்தநாகம் பூசிய ரோப் அறுவதற்கு 7,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 3,175 கிலோ இழுவிசை வேண்டும். மேடையில் அதை அந்த அளவுக்கு ஏற்றுவதில்லை. எட்டில் ஒரு பங்கு அல்லது பத்தில் ஒரு பங்குதான் ஏற்ற வேண்டும். ஒரு ரோப்புக்கு 317 முதல் 397 கிலோவரை. இவ்வளவு மிச்சம் எதற்கு என்று அரங்கக் குழுவில் ஒருவர் கேட்டார். முனையில் கிரிப்பு தின்னும் பங்கு, கப்பியில் வளைவதால் வரும் தேய்வு, துரு, திடீரென்று நிறுத்தும்போது வரும் அதிர்ச்சி, சமமாகப் பிரியாத பளு ஆகிய அத்தனையும் அந்த மிச்சத்திலிருந்துதான் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அந்த மிச்சம் கூடுதல் சாமானைத் தொங்கவிடுவதற்காக வைத்த இடமன்று.

மூன்றாவது, நெருக்கம். ஆறாம் பைப்புக்கும் விளக்குகள் தொங்கிய ஏழாம் பைப்புக்கும் இடையே ஒரு சாண் இடைவெளியே இருந்தது. மேலேறிய பைப் ஒரு விளக்கின் கவ்வியில் உரசிப் போயிருந்தது. பாதுகாப்புச் சங்கிலி கட்டியிருந்ததால் மட்டுமே விளக்கு விழவில்லை. ஒரு பொருள் ஏறி இறங்கும் வழியில் இன்னொன்று நீட்டிக்கொண்டிருப்பது சிறிய குறையன்று. 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இராக்குவாய் அரங்கில் தீப்பிடித்தபோது, தீத்தடுப்புத் திரை மேலே நீட்டியிருந்த பொருளில் சிக்கி முழுவதும் இறங்காமல் நின்றது. அங்கே இறந்தவர்கள் 602 பேர்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் கம்பெனி நாடக மரபில் மேலிருந்து இறங்கியவை பெரும்பாலும் மூங்கிலில் சுருட்டிய ஓவியப் படுதாக்கள். இரண்டு கயிறும் இரண்டு ஆளும் போதும். கடப்பைப் பக்கத்தில் 1885இல் தொடங்கிய சுரபி நாடகக் குடும்பத்தார் மனிதரையே கம்பியில் பறக்கவிட்டுக் காட்டும் அளவுக்குக் கைத்திறனில் உயர்ந்தார்கள். அந்தத் திறன் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கைகளில் இருந்தது. இன்று பிளைவுட், இரும்புக் குழாய், எல்.இ.டி. பலகை என்று பளு பல மடங்கு கூடிவிட்டது. கயிற்றைப் பிடிப்பவரோ அன்றைக்கு மட்டும் வந்த உதவியாளர். பழைய பழக்கங்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவை பழைய பளுவுக்குப் போதுமானவையாக இருந்தன.

செய்த திருத்தங்கள்

நீலக் கயிறுகள் எல்லாம் அகற்றப்பட்டு, 19 மி.மீ. பாலியெஸ்டர் கயிறு போடப்பட்டது. ஈரத்தில் நீளம் மாறாது, பூட்டுக்கும் பொருந்தும். ஒவ்வொரு பூட்டையும் அந்தக் கயிற்றுக்கேற்பத் திருகி, பிடியைத் தூக்கும்போது உறுதியான எதிர்ப்பு வருகிறதா என்று சரிபார்த்தோம். முறுக்கும் கம்பி மேடையிலிருந்து எடுக்கப்பட்டது. பூட்டு நழுவினால் அந்தப் பைப்பை இயக்குவதை நிறுத்தி எடையைச் சரிபார்ப்பது என்று முடிவாயிற்று.

சட்டங்களில் இடைத்தகடுகள் உரிய இடைவெளியில் விடப்பட்டு, உச்சி வளையங்கள் புதிதாகச் செய்து மாட்டப்பட்டன. வெறும் பைப்பைச் சமன்செய்ய எப்போதும் இருக்கவேண்டிய கட்டிகளுக்கு மஞ்சள் வண்ணம் பூசினோம். மஞ்சளுக்கு மேல் இருப்பது காட்சிக்குரிய எடை. பரணில் நிற்பவர் அதைக் கண்ணால் பார்த்தே அறியலாம். பரணுக்கு விளக்கும் ஏணிக்குக் கூண்டும் வந்தன. பரணில் ஏறுபவர் சட்டைப்பையில் எதையும் வைத்திருக்கக் கூடாது. கைக்கருவியைக் கயிற்றால் இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். அவர் கட்டியைக் கையாளும்போது கீழே அந்தச் சுவரோரத்தில் எவரும் நிற்கக் கூடாது.

கழற்றும் நேரத்து ஒழுங்கே எனக்கு முக்கியமாகப் பட்டது. அரங்கத்தின் மேடை இயக்குநர் இல்லாமல் வெளியூர்க் குழு எந்தப் பைப்பையும் தொடக் கூடாது. பரணில் இருப்பவர் எடுத்த கட்டிகளின் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். கீழே இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதன் பிறகே கொக்கியில் கை. பைப் அசையுமுன் அதன் எண்ணையும் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும் தமிழிலும் மலையாளத்திலும் உரக்கச் சொல்ல வேண்டும். முகப்புபோல ஒரே நேரத்தில் மொத்தமாக விலகும் காட்சியானால், முதலில் பாதிக் கட்டிகளை எடுத்து, பைப்பைக் கீழே மேடையின் கொக்கியில் பட்டையால் கட்டிவிட்டு, பிறகுதான் மீதியை எடுக்க வேண்டும். தரையிலேயே கட்டிவைக்கப்பட்ட பைப் மேலேற முடியாது. இதற்கான இரண்டு இரும்புக் கொக்கிகள் தளத்தின் உத்திரத்தோடு சேர்த்துப் பொருத்தப்பட்டன.

பரிசோதனைக்கு வரம்பாக மேடைத் தூக்கு அமைப்புப் பரிசோதனைக்கான அமெரிக்காவின் இ1.47 தரத்தையும், மேடை இயந்திரங்களுக்கான ஐரோப்பாவின் 2020ஆம் ஆண்டு இஎன் 17206 தரத்தையும் எடுத்துக்கொண்டேன். இந்தியத் தர எண்களாக ரோப்புகளுக்கு ஐஎஸ் 2266, கிரிப்புகளுக்கு ஐஎஸ் 2361 என்று கொள்முதல் சீட்டில் எழுதச் சொன்னேன். இரும்புக்கடையில் கிடைப்பதையெல்லாம் வாங்கித் தலைக்கு மேல் தொங்கவிடுவது இதனால் நிற்கும்.

ரோப் மாற்றிய பைப்கள் ஒவ்வொன்றிலும் உரிய பளுவைப்போல ஒன்றேகால் மடங்கை ஏற்றி, எதிரெடையும் அதற்கேற்ப வைத்து, முழு ஓட்டமும் ஓட்டிப் பார்த்த பின்பே பயன்பாட்டுக்கு விடப்பட்டன. ஆறாம் பைப் நடுவில் வளைந்திருந்ததால் குழாயே மாற்றப்பட்டது. அதன் தலைக் கப்பியின் அச்சும் புதிது. நான்காம் பைப்பும், கடைசி இரண்டு பைப்களும் இன்னும் சிவப்பு அட்டையோடு நிற்கின்றன. அந்த இரண்டின் தலைக் கப்பிகளைத் தாங்கும் உத்திரத்தில், பெயின்ட்டின் அடியில் வெல்டிங் ஓரமாக ஒரு கோடு தெரிகிறது; பெயின்ட்டைச் சுரண்டி ஊடுருவும் சாயம் போட்டுப் பார்க்காமல் அது விரிசலா, வெறும் பெயின்ட் வெடிப்பா என்று சொல்ல முடியாது. சாரல் ஓய்ந்து உத்திரம் உலர்ந்ததும் அந்தச் சோதனை நடக்கும். அதுவரை அவற்றில் ஒரு துணிகூடக் கட்டக் கூடாது என்று பதிவேட்டில் எழுதி, பொறுப்பாளரின் கையொப்பமும் வாங்கப்பட்டிருக்கிறது.